எக்செல்லில் பின்னம்: மாவும் காணியும் சேர்ந்தால் எவ்வளவு?

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் எக்செல்லை ஆபீஸ் கணக்கு எழுதுவதற்கான புரோகிராம் என்று நினைத்துத் திறக்காமலே விட்டு விடுகிறார்கள். ஆறாம், ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்குப் பின்னக் கணக்கைப் புரிய வைக்க இதைவிடச் சுலபமான கருவி கிடையாது. எக்செல் இல்லாதவர்கள் லிபர் ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

நெல்லிக்குப்பத்தில் மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் நன்றாகப் போடும் பிள்ளை கூட 1/3 + 1/4 என்று எழுதிக் கொடுத்தால் 2/7 என்று விடை எழுதுகிறது. மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி விடுகிறது. இதை இப்போது சரி செய்யாவிட்டால் விகிதம், சதவீதம், இயற்கணிதம் என்று பின்னால் வரும் பாடங்கள் எல்லாம் தடுமாறும். "எனக்குக் கணக்கு வராது" என்று பல பிள்ளைகள் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

முதலில் கரும்பு, பிறகு கம்ப்யூட்டர்

எங்கள் ஊர் சர்க்கரை ஆலை ஊர். கரும்பு பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. நான்கு கணு உள்ள ஒரு கரும்புத் துண்டைக் காட்டி, "ஒரு கணு எத்தனை பங்கு?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே "கால் பங்கு" என்பார்கள். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கணுவின் நீளம் வேறு, நுனிக்கணுவின் நீளம் வேறு. நான்கு துண்டுகள் இருப்பதால் மட்டும் ஒன்று கால் ஆகிவிடாது. நான்கும் சமமாக இருக்க வேண்டும். பின்னத்தின் முதல் பாடம் இதுதான்.

கீழே எழுதும் எண், அதாவது பகுதி, முழுப்பொருளை எத்தனை சம பங்காக வெட்டினோம் என்று சொல்கிறது. மேலே எழுதும் எண், அதாவது தொகுதி, அதில் எத்தனை பங்கை எடுத்தோம் என்று சொல்கிறது.

பின்னச் சுவர் கட்டுங்கள்

எக்செல்லின் செல்கள் எல்லாம் ஒரே அகலம். எனவே சம பங்கு பற்றிய கவலை இல்லை.

1. முதல் வரிசையில் ஏ முதல் எல் வரை 12 செல்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். மெர்ஜ் அண்ட் சென்டர் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். 12 செல்களும் ஒன்றாகிவிடும். அதில் 1 என்று டைப் செய்யுங்கள். இதுதான் முழுக் கரும்பு.
2. இரண்டாம் வரிசையில் ஆறு ஆறு செல்களாக இணையுங்கள். ஒவ்வொன்றும் 1/2.
3. மூன்றாம் வரிசையில் நான்கு நான்காக இணையுங்கள். ஒவ்வொன்றும் 1/3.
4. நான்காம் வரிசையில் மூன்று மூன்றாக இணையுங்கள். ஒவ்வொன்றும் 1/4.
5. ஐந்தாம் வரிசையை இணைக்காமல் அப்படியே விடுங்கள். ஒவ்வொரு செல்லும் 1/12.

ஒரு எச்சரிக்கை. 1/2 என்று நேரடியாக டைப் செய்து எண்டர் தட்டினால், எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு பிப்ரவரி 1 அல்லது ஜனவரி 2 என்று காட்டும். முதலில் 0, பிறகு ஒரு ஸ்பேஸ், அதன் பிறகு 1/2 என்று டைப் செய்யுங்கள். முழு எண் பூஜ்ஜியம், கூடவே அரை என்று எக்செல் புரிந்துகொள்ளும்.

இப்போது 1/3 + 1/4 கணக்கிற்கு வருவோம். மூன்றாம் வரிசையில் ஒரு 1/3ஐப் பார்த்து, அதன் கீழே ஐந்தாம் வரிசையில் எத்தனை செல்கள் வருகின்றன என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். நான்கு. அவற்றுக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். 1/4க்குக் கீழே மூன்று. அடுத்துள்ள மூன்று செல்களுக்குப் பச்சை நிறம் கொடுங்கள். மொத்தம் 7 செல்கள், 12இல். விடை 7/12.

2/7 ஏன் தவறு என்பதையும் சொல்லிவிடுங்கள். 1/3 என்பது 7/21. 2/7 என்பது 6/21. கையில் இருந்த 1/3உடன் இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு, இருந்ததைவிடக் குறைந்துவிடுமா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அழித்து விடுவார்கள்.

ஒரே எண், பல சட்டைகள்

ஒரு காலி செல்லில் 0.25 என்று டைப் செய்யுங்கள். அந்தச் செல்லில் இருந்தபடியே கண்ட்ரோல் கீயுடன் 1ஐ அழுத்தினால் பார்மட் செல்ஸ் பெட்டி வரும். நம்பர் பகுதியில் ஃபிராக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கால்களாகக் காட்டு என்றால் 1/4, எட்டில் பங்காகக் காட்டு என்றால் 2/8, பதினாறில் பங்காகக் காட்டு என்றால் 4/16 வரும். உள்ளே இருக்கும் எண் மாறவே இல்லை. சமான பின்னங்கள் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

அதே பெட்டியில் ஒரு இலக்கம் வரை என்ற வகையும் உண்டு. அதில் 3/16ஐப் போட்டால் 1/5 என்று காட்டும். மேலே உள்ள பார்முலா பாரைப் பாருங்கள், 0.1875 என்று சரியாகவே இருக்கும். இடம் போதாததால் பக்கத்தில் உள்ள பின்னத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். நம் பயிற்சிக்கு மூன்று இலக்கம் வரை காட்டும் வகையே நல்லது.

தாத்தா காலத்துப் பின்னங்கள்

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் பின்னங்களைப் பெயர் சொல்லியே கூட்டினார்கள். மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. முந்திரி என்றால் 1/320. முக்காணி என்பது மூன்று காணி, 3/80. அரைக்கால் என்பது காலில் பாதி, 1/8.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மாகாணி. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. எவ்வளவு என்று எக்செல்லையே கேட்போம். ஏ1இல் 0 1/20, ஏ2இல் 0 1/80 என்று டைப் செய்யுங்கள். ஏ3இல் =ஏ1+ஏ2 என்று கொடுங்கள் (ஏ என்பதை ஆங்கில எழுத்தாக டைப் செய்யவும்). மூன்று செல்களுக்கும் ஃபிராக்‌ஷன் பார்மட் கொடுத்தால் ஏ3இல் 1/16 தெரியும். காரணம் எளிது. ஒரு மா என்பது நான்கு காணி. அதனுடன் ஒரு காணி சேர்ந்தால் ஐந்து காணி, அதாவது 5/80. சுருக்கினால் 1/16. பகுதிகள் வேறு வேறாக இருந்தால் முதலில் ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வரும் வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. எனவே ஒரு அணா என்பது மாகாணி ரூபாய். 25 பைசா நாணயம் 2011இல் செல்லாமல் போன பிறகும் பெரியவர்கள் வாயில் நாலணா, எட்டணா வருகிறது. நாலணா 4/16, எட்டணா 8/16. அதாவது காலும் அரையும். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

இந்தப் பழைய பின்னக் குறியீடுகள் 2019இல் வெளியான யூனிகோட் 12.0இல் இடம் பெற்றன. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் என்ற இலவச எழுத்துருவை இறக்கி வைத்துக்கொண்டால் உங்கள் கம்ப்யூட்டரிலும் இவற்றைப் பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

1. பின்னச் சுவரைப் பார்த்து 1/2 + 1/3 எவ்வளவு என்று சொல்லுங்கள்.
2. எத்தனை முந்திரி சேர்ந்தால் ஒரு காணி?
3. அரைமா 1/40, அரைக்காணி 1/160. இரண்டையும் எக்செல்லில் கூட்டுங்கள்.

விடைகள்: 1) 10/12, அதாவது 5/6. 2) நான்கு. 3) 1/32. இது மாகாணியில் சரிபாதி. ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும். சொல்லிவிட்டால் பின்னம் புரிந்துவிட்டது என்று பொருள்.