டைனமோவில் தொடங்குங்கள்

கேள்வி: நான் தரம் 4 படிப்பிக்கிறேன். சக்தி முதல்கள் எவை என்று கேட்டால் நீர், காற்று, சூரியன், நிலக்கரி என்று பிள்ளைகள் பாடமாக்கிச் சொல்கிறார்கள். கரண்ட் எங்கேயிருந்து வருகிறது என்றால் "போஸ்ட்டில இருந்து ரீச்சர்" என்கிறார்கள். எப்படி விளங்கப்படுத்துவது?
– ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: டைனமோ பூட்டிய பழைய சைக்கிள் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள் ரீச்சர். கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்ற விடுங்கள். மெதுவாகச் சுற்றினால் லைற் மங்கும்; வேகமாகச் சுற்றினால் பளிச்சென்று எரியும். டைனமோவைச் சில்லில் முட்ட வைத்ததும் பெடல் பாரமாவதைப் பிள்ளைகளே சொல்வார்கள். அந்தப் பாரம்தான் பாடம். வெளிச்சம் அவர்களின் கையிலிருந்து வருகிறது. கைக்குப் பலம் காலையில் தின்ற புட்டிலிருந்து வந்தது. உள்ளே நடப்பதை, கம்பிச்சுருளுக்கு நடுவே ஒரு காந்தம் சுழல்கிறது என்ற அளவில் சொன்னால் இந்த வயதுக்குப் போதும்.

அன்று வீட்டுவேலையாக, அம்மம்மாவிடம் டைனமோ பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள். போர் நடந்த 1990களில் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டார்கள். மின்பிறப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையால் அறிந்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

மறுநாள் கேளுங்கள்: கைக்குப் பதில் வேறு எது சுற்றும்? பளைக்குப் பக்கத்தில் புலோப்பளையில் 2014 முதல் காற்றாலைகளில் காற்று சுற்றுகிறது. சோளகம் வீசும் மாதங்களில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் சுற்றுகிறார்கள். தண்ணீர் என்றதும் பிள்ளைகள் இரணைமடு என்பார்கள். அந்த நீர் வயலுக்கு. மின்சாரத்துக்குத் தண்ணீர் உயரத்திலிருந்து விழவேண்டும். மகாவலியை மறித்த விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம். அங்கிருந்து கம்பி வழியே உங்கள் போஸ்ட் வரைக்கும் ஒரு படம் கீறச் சொல்லுங்கள்.

சோலர் பனலைத் தனியாகச் சொல்லுங்கள். அதில் எதுவும் சுற்றுவதில்லை. வெளிச்சம் நேரே மின்சாரமாகிறது.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். செய்முறைக்கென்று கம்பி, இரும்புத்துண்டு, பழைய பற்றரி எதையும் வளவிலும் காட்டிலும் பொறுக்கி வரச் சொல்லாதீர்கள். வெடிக்காத பொருட்கள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. வேண்டிய வயரைக் கடையில் நீங்களே வாங்குங்கள். சுவர் பிளக் பக்கம் இந்தப் பாடத்துக்காகப் போகவே வேண்டாம்.