தூசியைத் துடை, தழும்பை விட்டுவிடு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்பின் செம்மண்ணில் தஞ்சாவூர் ஆட்ட பொம்மையையும் மண்குதிரையையும் நிறுத்தி எடுத்திருக்கிறாய். எதை எங்கே வைப்பது என்ற கண் உனக்கு நன்றாகவே இருக்கிறது. திருத்தும் கைதான் அவசரப்படுகிறது. குதிரையின் கழுத்தில் இருந்திருக்க வேண்டிய விரிசலைக் காணோம். பொம்மையின் இடது கண், வலது கண்ணைத் திருப்பி ஒட்டியதுபோல் இருக்கிறது.

கணினியில் செய்யும் வேலையில் பாதியைத் தோப்பிலேயே முடித்துவிடலாம். செம்மண் புழுதி எனாமல் பூச்சில் ஒட்டினால், பெரிதாக்கிப் பார்க்கும்போது அம்மைத் தழும்புபோல் தெரியும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன் மென்மயிர்த் தூரிகையால் தட்டிவிடு. உச்சி வெயிலில் எடுக்காதே. பொம்மையின் கன்னத்தில் விழும் வெள்ளைப் பொட்டில் விவரம் எதுவுமே பதிவாவதில்லை. மென்பொருள் அங்கே இட்டு நிரப்புவதெல்லாம் கற்பனை. மெல்லிய வெள்ளை வேட்டியை வெயிலுக்குக் குறுக்கே கட்டி, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வை. அது போதும்.

கேமராவைப் பொம்மையின் கண் மட்டத்துக்கு இறக்கு. மேலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மையாகவே தெரியும். இவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் மிகக் குறைந்த ஆழத்துக்கே நிற்கும் என்பதால் அப்பெர்ச்சரை எஃப் 8 அல்லது 11-ல் வை. மூக்கும் பின்கொண்டையும் சேர்ந்து துல்லியமாக வேண்டுமென்றால், ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்துப் பிறகு அடுக்கிச் சேர்க்கலாம். ஆனால் ஆட்ட பொம்மைக்கு இது ஒத்துவராது. தலை, உடல், பாவாடை என்று தனித்தனியாக நிற்கும் உருவம் அது. லேசான காற்றுக்கே அசையும். அதற்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டி ஒரே படமாக எடு.

சாய்ந்து நிற்கும் பொம்மைக்குக் கம்பியோ மெழுகோ முட்டுக் கொடுப்பதில் தவறில்லை. அதை அழிக்கக் குளோன் கருவியைத் தேய்த்துத் தேய்த்துத்தான் ஒரே கூழாங்கல் உன் படத்தில் மூன்று இடத்தில் வந்திருக்கிறது. கேமராவை டிரைபாடிலிருந்து அசைக்காமல், பொம்மையையும் முட்டுக் கொடுத்ததையும் எடுத்துவிட்டு வெறும் தரையை ஒரு படம் எடுத்துக்கொள். போட்டோஷாப்போ இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்போ எதுவானாலும், அந்த வெறும் தரையைக் கீழ் லேயராக வைத்து, மேல் லேயரில் கம்பி இருக்கும் இடத்தை மட்டும் மாஸ்க்கால் மறை. உண்மையான மண்ணே வெளியே வரும். பொம்மையின் நிழலை மட்டும் மறைத்துவிடாதே.

சின்ன உருவத்தைப் பெரிதாகக் காட்டுவது பழைய கலை. அமெரிக்கரான டேவிட் லெவின்தால் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர்க்காட்சிகள் எடுத்து 1977-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார். 1934-ல் வெளியான படத்தில், ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் விலங்காகத் தெரிவதும் பொம்மைதான். விளையாட்டு நீர்மூழ்கியின் மேல் பொருத்திய தலை என்று 1994-ல் அம்பலமானது. பத்திரிகையில் வந்தது வெட்டிய படம். வெட்டாத படத்தில், சுற்றியுள்ள அலைகளோடு வைத்துப் பார்த்தால் உருவம் சிறியது என்று தெரிந்துவிடும். தண்ணீர், தீ, புகை மூன்றும் அளவைக் காட்டிக் கொடுத்துவிடும். குளக்கரையில் குதிரையை வைக்குமுன் இதை யோசி.

இனி முக்கியமான விஷயம். எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது? நீ வைத்ததையும் காற்று கொண்டுவந்ததையும் அழிக்கலாம்: முட்டு, தூசி, சருகு. செய்தவர் கையும் சூளையும் காலமும் விட்டுப்போனதை அழிக்கக் கூடாது: விரல் பதிவு, தீ பட்ட கறுப்பு, விரிசல், ஒரு கண் மேலேறிய மை. நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைப் போய்ப் பார். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஹீலிங் கருவி அவற்றின் மேல் ஓடினால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததாகிவிடும்.

இதை வெறும் ரசனை என்று நினைக்காதே. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் கோயில்களையும் சிலைகளையும் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. சிலையை அடையாளம் காட்ட அந்த நிறுவனத்தின் பழைய படங்கள் உதவின. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் படங்களை யாராவது ‘அழகாக்கி’ வைத்திருந்தால் எதை வைத்து ஒப்பிட்டிருப்பார்கள்?

ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்த காலத்திலிருந்தே திருத்தம் உண்டு. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொலு நேரத்தில் விற்பனைக்காக எடுக்கும் படமென்றால், வாங்குகிறவர் பெட்டியைப் பிரிக்கும்போது படத்தில் பார்த்த பொம்மையேதான் கையில் இருக்க வேண்டும். கற்பனைக் காட்சியென்றால் எப்படி வேண்டுமானாலும் மாற்று; மாற்றியது என்று கீழே எழுதிவிடு. இரண்டுக்கும் ஒரே விதிதான்: திருத்திய கோப்பை வேறு பெயரில் சேமி, அசலை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்து. திருத்தத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி செய்யலாம். அசல் போனால் போனதுதான்.

அன்புடன்,
உன் அண்ணன்