நுண்ணுயிர்ப் பகையும் மருந்தும்

2021 ஆம் ஆண்டு மே மாதம். ஐதராபாத்தில் கருப்புப் பூஞ்சை நோய் பலரைப் பற்றியிருந்தது. தெலுங்கானா அரசு கோட்டியிலுள்ள அரசு காது மூக்குத் தொண்டை மருத்துவமனையை அந்நோய்க்குரிய தலைமை நிலையமாக ஆக்கியிருந்தது. கொரோனாவிலிருந்து மீண்ட என் சிற்றப்பாவுக்கும் அந்நாளில் கண்ணின் கீழ் வீக்கம் கண்டது. அவர் நீரிழிவுக்காரர், கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு சர்க்கரையை மேலும் ஏற்றிவிட்டிருந்தது.

மருத்துவமனையொன்றில் அறுவை செய்து, ஆம்போடெரிசின் என்னும் மருந்தை நாள்தோறும் நரம்பில் ஏற்றினர். ஏற்றும்போதெல்லாம் அவர் குளிர் கண்டு நடுங்குவார். சிறுநீரகம் கெடுகிறதா என்று அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்தனர். “தொண்டைப் புண்ணுக்கு மருந்து கொடுத்தால் இப்படியெல்லாம் ஆவதில்லையே! நீ உயிரியல் படிக்கிறவன்தானே, காரணம் சொல்” என்றார் சித்தி. எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் நூல்களில் கற்றதை இங்கு எழுதுகிறேன்.

மருந்து பகைவனை முகம் பார்த்து அறிவதில்லை. கிருமியிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றையே அது தாக்குகிறது. அவ்வேற்றுமை பெரிதாயின் நமக்குத் தீங்கு குறைவு. சிறிதாயின் தீங்கு மிகுதி.

முதலில் பாக்டீரியாவைக் காண்போம். அதன் உயிரணுவைச் சுற்றி உறுதியான சுவர் உண்டு. 1928 இல் பிளெமிங் கண்ட பெனிசிலின் அச்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. சுவர் தளர, நீர் உட்புகுந்து கிருமி வெடிக்கிறது. நம் உயிரணுக்களுக்குச் சுவரே இல்லை. ஆதலால் அவை தப்புகின்றன. ஆயினும் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவும் மடிவதால் வயிற்றுப்போக்கும் வரலாம்.

பூஞ்சையோ, பாக்டீரியாவைவிட நமக்கு நெருங்கிய உறவு. நம் உயிரணுவைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு. அதன் உயிரணுச் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. நம்முடையதில் கொலஸ்டிரால் இருக்கிறது. ஆம்போடெரிசின் எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொள்ள, சவ்வு ஓட்டையாகி, உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து, பூஞ்சை மடிகிறது. ஆனால் இவ்விரண்டு பொருள்களும் உடன்பிறந்தார் போன்றவை. எனவே மருந்தின் பிடி நம் சிறுநீரகத்தின் மீதும் ஓரளவு விழுகிறது. நுண்ணிய கொழுப்புக் குமிழியில் பொதிந்து கொடுத்தால் இத்தீங்கு குறையும். அந்நாளில் அவ்வகை மருந்துக்குப் பெருந்தட்டுப்பாடு. சிற்றப்பாவுக்குப் பழைய வகையே கிடைத்தது.

மூன்றாவது வைரஸ். அதற்குச் சுவருமில்லை, சொந்தப் பட்டறையுமில்லை. நம் உயிரணுவுக்குள் புகுந்து, நம் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. அதை மட்டும் தாக்குவது எங்ஙனம்? அசைக்ளோவிர் என்னும் மருந்தைப் பாருங்கள். அது உறங்கும் படைக்கலம் போல உட்செல்கிறது. அக்கி போன்றவற்றை உண்டாக்கும் ஹெர்பிஸ் இன வைரஸின் நொதியே அதனை எழுப்புகிறது. எழுந்த மருந்து அந்த வைரஸின் மரபுப்பொருள் வளராமல் தடுக்கிறது. வைரஸ் புகாத உயிரணுவில் அது பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். எனினும் உடலில் நீர் குறைந்தால், சிறுநீரகத்தில் படிகமாகித் தொல்லை தரக்கூடும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்குப் பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரையை விழுங்கினால், இல்லாத சுவரை இடிக்கப் போவது போலாகும். நோய் தீராது, நல்ல பாக்டீரியா மடியும், மருந்துக்கு அஞ்சாத பாக்டீரியா எஞ்சிப் பெருகும்.

சிற்றப்பா பிழைத்தார், சிறுநீரகமும் தேறியது. ஒரு கண் பார்வை மட்டும் திரும்பவில்லை. இப்போது வீட்டில் யாரேனும் தும்மிவிட்டு மருந்துக்கடைக்குப் புறப்பட்டால், “எந்தக் கிருமிக்கு?” என்று சித்தி கேட்கிறார். மாணவ நண்பர்களே, நாமும் அவ்வாறே கேட்கப் பழகுவோமாக!