எண்ணெயால் எழுந்த தலைநகர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல் மாணவன், ஒலக்கூர்)

முன்னுரை

எண்ணெய் என்றால் எங்கள் ஒலக்கூர்ப் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது மல்லாட்டை எண்ணெய்தான். ஏட்டில் நிலக்கடலை என்று எழுதினாலும் வயலில் அதற்கு மல்லாட்டை என்றே பெயர். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிலக்கடலை ரகங்கள் நம் ஊரின் பெயரைச் சுமந்து 'டி.எம்.வி.' என்று வெளியூர்களிலும் விதைக்கப்பட்டன. அந்த வகையில் நம் திண்டிவனமும் ஓர் எண்ணெய் ஊரே எனலாம்!

ஆனால் எங்கள் வீட்டில் எண்ணெய் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. என் தந்தையார் 2007 முதல் 2020 வரை பதின்மூன்று ஆண்டுகள் அபுதாபியில் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். நாங்கள் குடியிருக்கும் மெத்தை வீடும், என் கல்லூரிப் படிப்பும் அந்த நாட்டு எண்ணெய்ப் பணத்தில் தெறித்த சில துளிகளே. ஆகவே, அபுதாபி எவ்வாறு வளர்ந்தது, அதற்கு எண்ணெய் மட்டுமே காரணமா, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

முத்துக் குளித்த தீவு

அபுதாபி என்னும் அரபுப் பெயருக்கு 'மானின் தந்தை' என்பது பொருள். இன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் தலைநகராக விளங்கும் இவ்வூர், கரையை ஒட்டிய ஒரு தீவு. நம் மரக்காணம் உப்பளங்களை ஒரு நிமிடம் மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். அங்குள்ள தென்னைகளையும் பனைகளையும் நீக்கிவிடுங்கள். ஏரி, கிணறு, மழை மூன்றையும் நீக்கிவிடுங்கள். எஞ்சுவதே பழைய அபுதாபி. அக்கரையோர உப்புத் தரையை அரபு மக்கள் 'சப்கா' என்பர்.

1761ஆம் ஆண்டளவில் இத்தீவில் குடிநீர் ஊற்று ஒன்று காணப்பட்டதாகவும், அதன் பிறகே பனீ யாஸ் குலத்தார் இங்குக் குடியேறியதாகவும் வரலாறு கூறும். அந்த ஊற்றைக் காக்கக் கட்டிய காவற்கோபுரமே பின்னாளில் கஸ்ர் அல் ஹோஸ்ன் என்ற கோட்டையாக வளர்ந்தது. எண்ணெய் கண்ட நகரத்திற்கு முதல் வித்து தண்ணீரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மக்களின் தொழில் மீன்பிடித்தலும் முத்துக் குளித்தலும். நம் தூத்துக்குடியைப் போலவே அங்கும் கோடைக்காலத்தில் படகுகள் கூட்டமாகக் கடலுக்குள் செல்லும். எடுத்த முத்துகளுக்குப் பெருஞ்சந்தையாக விளங்கியது நம் பம்பாய். ஜப்பானியர் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்ததும், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அந்தத் தொழிலை அடியோடு சாய்த்தன. ஒரே பொருளை நம்பி வாழ்ந்த ஊர் ஒரே தலைமுறையில் வறுமையில் விழுந்தது.

எண்ணெய் பிறந்த கதை

திருவக்கரைக்குச் சென்று கல்லாகிப்போன மரங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த மரங்கள் அவை. மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொள்ள, உருவம் மட்டும் எஞ்சியது. பாறை எண்ணெயின் கதையும் புதைந்த உயிர்களின் கதைதான். ஆனால் முடிவு வேறு. பண்டைக் கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் இறந்து, காற்றுப் புகாத சேற்றில் படிந்து, மேலே ஏறிய படிவங்களின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் ஹைட்ரோகார்பன்களாக மாறின. அவை நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறைகளில் புகுந்து, மேலே நீர் கசியாத பாறை மூடியிருந்த இடங்களில் தேங்கின. அபுதாபியில் எண்ணெய் தரும் பாறைகள் 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. நம் நரிமணத்திலும் எண்ணெய் உண்டு. எனினும் அளவில் இரண்டையும் ஒப்பிட இயலாது.

1939இல் ஆட்சியாளர் ஷேக் ஷக்பூத், எண்ணெய் தேடும் உரிமையை மேலை நாட்டுக் கம்பெனிகளின் கூட்டு நிறுவனம் ஒன்றிற்கு 75 ஆண்டுகளுக்கு அளித்தார். உலகப் போர் குறுக்கிட்டது. பல துளைகள் வெறுங்கையோடு மூடப்பட்டன. இறுதியில் 1958இல் கடலடியில் உம்மு ஷைஃப் என்னுமிடத்திலும், 1960இல் நிலத்தில் பாப் என்னுமிடத்திலும் எண்ணெய் கிடைத்தது. 1962இல் தாஸ் தீவிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது.

பணம் வந்தும் வளராத நகர்

நண்பர்களே, இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 1962இல் எண்ணெய்ப் பணம் வரத் தொடங்கியது. ஆனால் 1966 வரை நகரம் பெரிதாக மாறவில்லை! ஷேக் ஷக்பூத் செலவிடத் தயங்கினார். அவரை எளிதில் குறை கூறவும் முடியாது. முத்துத் தொழில் கண்முன்னே அழிந்ததைப் பார்த்தவர் அவர். வந்த செல்வம் நிலைக்கும் என்று நம்ப அவரால் இயலவில்லை.

1966 ஆகஸ்டு 6ஆம் நாள் அவருடைய தம்பி ஷேக் சாயித் ஆட்சிக்கு வந்தார். அதற்கு முன் இருபது ஆண்டுகள் அல் அய்ன் என்ற பாலைவனச் சோலையில் இருந்து, பழைய நிலத்தடி நீர்க்கால்வாய்களைச் செப்பனிட்டு வேளாண்மையைப் பெருக்கியவர் அவர். எண்ணெய் அதே எண்ணெய். தீவும் அதே தீவு. மாறியது முடிவெடுக்கும் மனம் ஒன்றுதான்.

இன்னொரு வியப்பு: அந்நாள் வரை அபுதாபிக் கடைத்தெருவில் புழங்கியது இந்திய ரூபாய்! 1959 முதல் வளைகுடா நாடுகளுக்கென்றே தனி ரூபாய் நோட்டுகளை நம் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைக்கவே, அபுதாபி பஹ்ரைன் தினாருக்கு மாறியது. 1973இல் அமீரகத்தின் திர்ஹம் வந்தது. ஒரு காலத்தில் நம் நோட்டைச் செல்லுபடியாக்கிய நாட்டுக்கு, இன்று அந்நாட்டு நோட்டைத் தேடி நாம் செல்கிறோம்.

திட்டமிட்ட வளர்ச்சி

புதிய நகருக்கு முதலில் தகாஹாஷி என்ற ஜப்பானியரும், 1968 முதல் மக்லூஃப் என்ற எகிப்தியரும் திட்டம் வகுத்தனர். நூல் பிடித்தாற்போல் குறுக்கும் நெடுக்குமாகச் சாலைகள் அமைந்தன. 1968இல் மக்தா பாலம் தீவைக் கரையோடு இணைத்தது. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் அபுதாபி அமீரகம் முழுவதிலும் இருந்த மக்கள் சுமார் 46,000 பேர். இன்று அத்தொகை 40 லட்சத்திற்கும் மேல்.

1971 டிசம்பர் 2இல் அமீரகங்கள் ஒன்றுபட்டு ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. அபுதாபி அதன் தலைநகரானது. அந்த ஒன்றியத்தின் எண்ணெய் இருப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் அபுதாபிக்கே உரியது. 1973இல் மேற்காசியப் போரையொட்டி எண்ணெய் விலை ஏறியது. பீப்பாய் ஒன்றிற்கு 3 டாலர் அளவில் இருந்தது, 1974 தொடக்கத்தில் 11 டாலரைத் தாண்டியது. சில மாதங்களில் வருமானம் பன்மடங்காயிற்று. மருத்துவமனைகள், பள்ளிகள், குடிமக்களுக்கு வீடுகள், கடலைத் தூர்த்து அமைத்த கடற்கரைச் சாலை, 1982இல் புதிய விமான நிலையம் என நகரம் விரைந்து வளர்ந்தது.

வேதியியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது குடிநீர்தான். அந்தப் பழைய ஊற்று இத்தனை பேருக்கு எவ்வாறு போதும்? கடல்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்கும் பெருநிலையங்களை அவர்கள் அமைத்தனர். நம் ஆய்வகத்தில் ஒரு குடுவையில் செய்யும் காய்ச்சி வடித்தலை ஒரு நகரத்திற்கே செய்வது எவ்வளவு பெரிய காரியம்! மின்சாரம் எடுத்த பின் எஞ்சும் வெப்பத்தையே இதற்கும் பயன்படுத்துகின்றனர். எனவே அங்குக் குழாயைத் திறந்தால் வருவது ஒரு வகையில் எரிபொருளே எனலாம்.

உழைத்த கரங்கள்

பணமும் திட்டமும் இருந்தன. கட்டுவதற்குக் கைகள்? உள்நாட்டு மக்கள் மிகச் சிலர். ஆகவே இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் சென்றனர். இன்று அமீரகத்தில் வாழும் இந்தியர் 35 லட்சத்திற்கும் மேல். அவர்களுள் ஒருவராக இருந்தவர் என் அப்பா.

எங்கள் பக்கத்தில் இ.சி.ஆர். என்றால் மரக்காணம் வழியாகப் புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை. அப்பாவின் பாஸ்போர்ட்டிலும் அதே மூன்று எழுத்துகள் உண்டு; பொருள்தான் வேறு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் தனி அனுமதி பெற வேண்டும் என்பதற்கான குறி அது. அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். நானோ கொரோனா ஆண்டில் தேர்வே எழுதாமல் பத்தாம் வகுப்புத் தேறியவன்!

அம்மாவின் நகையை அடகு வைத்து ஒரு தரகரிடம் பணம் கட்டி அவர் சென்றார். இங்குச் சொன்ன சம்பளம் வேறு, அங்குக் கொடுத்தது வேறு. முதலில் வேலை பார்த்த இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டனர். ஒருமுறை மூன்று மாதச் சம்பளம் நின்றுபோயிற்று. முசஃபாவில் ஒரே அறையில் எட்டுப் பேர். விடியுமுன் பேருந்து. கோடையில் கையுறையின்றிக் கம்பியைத் தொட முடியாது என்பார். 2005 முதல் கோடை நடுப்பகலில் வெட்டவெளி வேலைக்குத் தடை விதிக்கப்பட்டதையும், 2009 முதல் சம்பளம் வங்கி வழியே தரப்படும் முறை வந்ததையும் அவர் நன்றியோடு சொல்வதுண்டு.

கட்டுக்கம்பி முறுக்கும் இரும்புக் கொக்கி ஒன்றை அவர் திரும்பி வரும்போது கொண்டு வந்தார். அது எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அவர் கட்டிய கட்டடங்களைப் படத்தில் காட்டச் சொன்னேன். "கட்டடம் தெரியும்டா, நான் கட்டின கம்பி தெரியாது. கான்கிரீட் போட்டதும் எல்லாம் உள்ளே போயிடும்" என்றார். முடிந்த கட்டடங்களுள் ஒன்றிற்குள்ளும் அவர் மீண்டும் நுழைந்ததில்லையாம். அபுதாபியைப் பற்றி எழுதும் நூல்களில் எண்ணெய்க்கும் ஷேக்குகளுக்கும் உரிய இடம் உண்டு. அந்தக் கம்பிக்கும் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்பதே என் அவா.

குந்தித் தின்றால் குன்றும் மாளும்

எண்ணெய் விலை என்றும் ஏறுமுகமாக இராது. 1986இல் விழுந்தது, 2014இல் மீண்டும் விழுந்தது, 2020இல் கொரோனா வந்தபோது வேலைத்தலங்களே முடங்கின. 'வந்தே பாரத்' விமானம் ஒன்றில் அப்பா அந்த ஆண்டு ஊர் திரும்பினார்.

எடுக்க எடுக்கக் குறைவது எண்ணெய். இதை அபுதாபி அரசு முன்பே உணர்ந்து, 1976இல் முதலீட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி எண்ணெய்ப் பணத்தின் ஒரு பகுதியை உலக நாடுகளில் முதலீடு செய்து வருகிறது. 2006இல் மஸ்தார் என்னும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முயற்சி, 2017இல் லூவ்ர் அருங்காட்சியகம், 2020 முதல் நம் கல்பாக்கத்தைப் போல் பராக்காவில் அணு மின்சாரம் என, எண்ணெய் தீர்ந்த பின்னும் வாழ வழி தேடுகிறது. முத்துத் தந்த பாடத்தை அவ்வூர் மறக்கவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? எங்கள் வீட்டுக் கணக்கையே எழுதிப் பார்த்தேன். தரகரின் கடனும் வட்டியும் அடைய இரண்டு ஆண்டுகள். பிறகு அக்காவின் திருமணம், மெத்தை வீடு, ஓர் ஆழ்குழாய்க் கிணறு. அந்தக் கிணறும் இப்போது கோடையில் காற்றைத்தான் இறைக்கிறது. அப்பாவின் முதுகு இனிக் கம்பி தூக்காது. எங்கள் வீட்டின் எண்ணெய்க் கிணறு அவர் உடம்புதான். அதுவும் எடுக்க எடுக்கக் குறைந்தது. அதிலிருந்து எடுத்துத் தீராமல் நிற்பது எனக்குத் தந்த படிப்பு ஒன்றே.

சென்ற ஆண்டு மாமா அங்கிருந்து தொலைபேசியில் பேசினார். "விசா இருக்கு மாப்பிள்ளை, படிப்ப அப்புறம் பாத்துக்கலாம், கெளம்பி வா" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசை வந்தது. வீட்டு நிலை அப்படி. அப்பாதான் தொலைபேசியை வாங்கி, "போறதா இருந்தா டிகிரி முடிச்சிட்டுப் போவட்டும். என் கையில இருந்த பாஸ்போர்ட்டு மாதிரி அவன் கையில இருக்கக் கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று இரவு நான் நெடுநேரம் தூங்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் கல்லூரிக்கு வந்தேன்.

முடிவுரை

பாலைவனத் தீவு ஒன்று தலைநகராக உயர்ந்ததற்கு எண்ணெய் ஒரு காரணம். அப்பணத்தை நகரமாக மாற்றிய முடிவு இரண்டாவது காரணம். அந்த முடிவைக் கம்பியும் கல்லுமாக நிறுத்திய வெளிநாட்டுத் தொழிலாளரின் உழைப்பு மூன்றாவது காரணம். மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இன்றைய அபுதாபி இல்லை.

நம் வகுப்புகளில் வளைகுடாவில் தந்தையோ அண்ணனோ உழைக்கும் மாணவர் பலர் இருப்பீர்கள். வெளிநாடு செல்வது தவறென்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சென்றவரின் சோற்றில் வளர்ந்தவன் நான். செல்லுமுன் தரகர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பாருங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள். சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒருவருக்கு நான் அதைச் செய்தேன். அங்கிருந்து வரும் பணத்தில் ஒரு பகுதியைத் தம்பி தங்கையரின் படிப்பிற்கென ஒதுக்கச் சொல்லுங்கள். எண்ணெயும் ஒரு நாள் தீரும். உடம்பின் வலிமையும் தீரும். இருக்கும்போதே அவற்றைத் தீராத செல்வமாக மாற்றிக்கொள்வோமாக.