மூன்று சென்ட் ஸ்டாம்பும் ஒரு பிரேக் கணக்கும்

இந்த மாதப் பாடத்தை ஒரு பழைய ஸ்டாம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1952 மார்ச் 4-ஆம் தேதி அமெரிக்கா வெளியிட்ட 3 சென்ட் அஞ்சல்தலை அது. அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற வாகனமோட்டிகள் சங்கத்தின் 50-ஆம் ஆண்டு நினைவாக வந்தது. சங்கத்துக்கு ஸ்டாம்பு என்றால் தலைவர் படமோ கட்டடமோ இருக்கும்னுதான் நினைப்போம். இதில் இருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைங்க. மாணவிகள், அவர்களுக்குக் காவலாக ஒரு பையன், கூடவே 1902-ஆம் வருஷத்துக் காடி ஒன்று, 1952-ஆம் வருஷத்துக் காடி ஒன்று.

அந்தப் பையன் பள்ளிப் பாதுகாப்பு அணியைச் சேர்ந்தவன். 1920-இல் அந்தச் சங்கம் தொடங்கிய திட்டம். நம்ம பள்ளி மாணவத் தலைவர்கள் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆனா அவங்க நடுரோட்டில் இறங்கிக் காடியை நிறுத்த மாட்டாங்க. பிள்ளைகளைத்தான் ஓரத்தில் நிறுத்தி வைப்பாங்க; ரோடு காலியானதும் அனுப்புவாங்க.

நல்ல திட்டம்தான். ஆனாலும் படம் எனக்கு உறுத்துது. 50 வருஷத்தில் காடியின் வேகம் எங்கேயோ போயிடுச்சு. பிள்ளையின் உயரம் அப்படியேதான் இருக்கு. அப்புறம் ஏன் நிற்க வேண்டியது எப்பவும் பிள்ளையாகவே இருக்கணும்?

1965-இல் அதே நாடு இன்னொரு ஸ்டாம்பு போட்டது. 5 சென்ட். சிக்னல் விளக்குப் படம், விபத்துகளை நிறுத்தச் சொல்லும் வாசகம், அதோடு மூன்று சொற்கள்: சட்ட அமலாக்கம், கல்வி, பொறியியல். நான் படிக்கும் படிப்பு அதில் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, மறைக்கல! ஆனா பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னா மட்டும் போதாதுன்னு அந்தச் சின்னத் தாளே சொல்லுது, பாருங்க.

இப்போ கணக்கு. ஆபத்தைப் பார்த்து பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகும்னு வைப்போம். ரோடு காய்ந்திருக்கு, பிரேக் நல்லா பிடிக்குது. மணிக்கு 30 கிலோமீட்டரில் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் ஓடும், பிரேக் பிடித்த பிறகு 5 மீட்டர். மொத்தம் 13. வேகத்தை 60 ஆக்கினா ரெண்டு மடங்குதானேன்னு தோணும். இல்ல. முதல் விநாடியிலேயே 17 மீட்டர், பிரேக் தூரம் நாலு மடங்காகி 20. மொத்தம் 37.

15 மீட்டர் தூரத்தில் ஒரு பிள்ளை ரோட்டில் இறங்குது. 30-இல் வந்தவர் அதுக்கு முன்னாடியே நின்னுடுவார். 60-இல் வந்தவருக்குப் பிள்ளை இருக்கும் இடம் வரைக்கும் பிரேக்கில் கால் படவே படாது. மோதுவது முழு 60-இல். மழை ஈரத்தில் தூரம் இன்னும் நீளும்.

தம்பி தங்கையை மோட்டாரில் ஏற்றிப் பள்ளிக்கு விடுவது நம்மில் பலர்தான். அதனால ஞாயிறு வகுப்பில் இதைச் செய்து பாருங்க: திடலில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து 13 மீட்டரிலும் 37 மீட்டரிலும் ஆளுக்கு ஒருவரை நிறுத்துங்க. 15 மீட்டரில் ஒரு புத்தகப்பையை வையுங்க. மோட்டார் ஓட்டுற அண்ணன்மார்களைக் கோட்டில் நிற்க வைத்து, தினமும் பள்ளி வாசலில் எந்த வேகத்தில் வர்றாங்கன்னு கேளுங்க.