பிடிபட்ட கலமும் விடுபட்ட மாந்தரும்

சீகிரியாக் குன்றின்மேல் நின்று நோக்குவார்க்குக் காடும் குளமுமன்றிக் கடல் தோன்றாது. எனினும், அக்குன்றடங்கிய மாத்தளை நாட்டை ஆண்ட கண்டி மன்னர்க்குக் கடலே பெருங்கவலையாயிருந்தது; கொழும்பு முதலாய துறைகள் போர்த்துக்கேயர் கையிலிருந்தன. ஆதலின் விமலதர்மசூரியன் ஒல்லாந்தரின் துணையை நாடினான்.

1603இல் செபால்ட் டி வேர்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதி போர்த்துக்கேயரின் கலங்கள் நான்கைப் பிடித்தான். ஆனால், அவற்றிலிருந்த மாந்தரைப் போகவிட்டான். கலத்தைக் கொண்டவனுக்கு அதுவே போதுமாயிருந்தது. மன்னன் வேண்டியதோ தன் பகைவரை. மட்டக்களப்பில் இருவரும் சந்தித்தபோது சொற்போர் மூண்டது. வேர்ட்டும் உடன்வந்தோர் ஏறத்தாழ ஐம்பதின்மரும் கொல்லப்பட்டனர். வேர்ட்டின் பணிவற்ற பேச்சும் ஒரு காரணமென்பர்.

அவ்வாண்டு பெப்ரவரியில் சிங்கப்பூரருகே ஒல்லாந்தர் கவர்ந்த 'சாந்தா கத்தரீனா' என்னும் போர்த்துக்கேயக் கலத்தின் சரக்கு 30 இலட்சம் கில்டருக்கு மேல் விலைபோயிற்று. அது முறையான பறிமுதலே என 1604இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்று தீர்த்தது. அச்செயலை ஆதரித்துக் குரோசியசு எழுதிய நூலின் ஒரு பகுதியே, 'கட்டற்ற கடல்' எனப் பொருள்படும் பெயருடன் 1609இல் வெளிவந்தது. கடற்சட்டம் பயிலும் மாணவர் இப்பிறப்பையும் அறிதல் நன்று.

ஒல்லாந்தரும் கண்டியரும் ஒன்றுகூடி மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது 1638இலேயாம். இடையிற் கழிந்தன 35 ஆண்டுகள்.