செடிம் ஆறா, மெர்போக் படகா, பாலைமணலா? கெடா குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: இந்த முறை எங்கே? இளவட்டங்கள் ஆற்றில் ரப்பர் படகு விட வேண்டும் என்பார்கள். துபாய் மணல்மேட்டில் கார் பாயும் காணொளியை ஒரு மாமா அனுப்புவார். "பாட்டியை என்ன செய்வது?" என்று அம்மா கேட்டதும் குழு அடங்கிவிடும். முடிவை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீச்சல் தெரியாதவர் யார், முட்டிவலிக்காரர் யார், எத்தனை சிறுபிள்ளைகள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இடத்தைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்து நாள். கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. பினாங்கில் சனி, ஞாயிறு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கும் பீடோங்கில் படிக்கும் பிள்ளைக்கும் பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை மட்டுமே. அன்று எல்லா ஆற்றோரமும் நிரம்பி வழியும். முடிந்தால் ஒருவர் ஒரு நாள் லீவு எடுப்பது நல்லது. வெள்ளிக்கிழமை போவதானால் மதியத் தொழுகை நேரத்தைக் கணக்கில் வைத்து, படகுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நம் மாநிலத்தில் வெள்ளைநீர்ப் படகுச் சவாரி என்றதும் நினைவுக்கு வருவது கூலிம் மாவட்டத்துச் சுங்கை செடிம். செம்பனையும் ரப்பரும் பின்தங்கிக் காடு தொடங்கும் இடத்தில், குனோங் பிந்தாங் மலைப்பக்கமிருந்து இறங்கி வருகிறது ஆறு. பெரிய ஆறு அல்ல; பாறைகள் நெருக்கமாகக் கிடக்கும், இறக்கமும் கூடுதல். படகு அகலத்துக்கே வழிவிடும் இடங்களில் துடுப்புப் போடுபவர்கள் ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்டால்தான் தப்பலாம். பதினெட்டு, இருபது வயதுக் கூட்டாளிகள் சேர்ந்து போக அருமையான இடம் இது. தாத்தா பாட்டியோடு போனால் படகை மறந்துவிட்டுக் கரையோரத்தில் குளிக்கலாம். 925 மீட்டர் நீளமுள்ள மரவுச்சி நடைபாதையும் அங்கே இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஏறுமுன் பாதுகாப்பு ஜாக்கெட்டைச் சோதிக்க வேண்டும். வார்களை இறுக்கிய பிறகு இன்னொருவர் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு அல்ல, மாற்றிக் கேளுங்கள். துடுப்பின் நுனியில் குறுக்காக இருக்கும் பிடியிலிருந்து கையை எடுக்கக் கூடாது. படகு பாறையில் மோதும்போது பக்கத்து ஆளின் பல்லை உடைப்பது பெரும்பாலும் அந்தப் பிடிதான். தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள், கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து, காலை ஓட்டத்தின் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். தாலிக்கொடி, சங்கிலி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஜப்பான் சிலிப்பரும் வேண்டாம். கட்டும் காலணி போடுங்கள். பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லி ஏற்றிவிடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கெடா ஆறுகளில் நான் உண்மையிலேயே அஞ்சுவது கெப்பாலா ஆயர் எனப்படும் திடீர் மலைவெள்ளத்தைத்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையில் பெய்த மழை கட்டையும் சேறுமாக ஒரே மூச்சில் இறங்கும். 2021 ஆகஸ்ட் 18 அன்று குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டத்துக் குப்பாங்கிலும் உயிர்கள் போயின. தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் பையைக் கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். ஆகவே காலை நேரச் சவாரியையே பதிவு செய்யுங்கள், மதிய உணவுக்கு முன் கரையேறிவிடுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஜனவரி, பிப்ரவரியில் வறட்சி, ஆற்றில் பாறைதான் தெரியும். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை நடத்துநரை அழைத்து நீர்மட்டம் எப்படி என்று கேளுங்கள். "எப்போதும் ஓகே" என்று சொல்பவரை விட, "மழை பெய்தால் ரத்து, பணம் திரும்ப" என்று சொல்பவரை நம்புங்கள்.

முதல்முறை துடுப்புப் பிடிக்கும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் செடிமை விடப் பேராக் மாநிலத்துக் கோப்பேங் நல்லது. அங்கே ஓடும் கம்பார் ஆறு அகலமானது, இடையிடையே அமைதியான நீரும் உண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தெற்கே போக வேண்டும். பயணமே ஒரு நாளின் பாதியைத் தின்றுவிடும். அதனால் ஓரிரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள்.

மூன்று தலைமுறையும் ஒரே வேனில் வருகிறதா? யோசிக்கவே வேண்டாம், மெர்போக். செமிலிங் படகுத்துறையிலிருந்து கண்டல் காட்டுக்குள் மோட்டார் படகில் போகலாம். பாட்டி உட்கார்ந்தபடியே வரலாம். கடல் ஏற்றத்தின் போது மட்டும் போங்கள். வற்றினால் ஓடைகளில் படகு சேற்றைத் தட்டும். பிற்பகலுக்கு ஜெராய் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளமும் இருக்கின்றன. 1025ல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இந்த மண்தான் என்று பேரப்பிள்ளைக்குத் தாத்தா அங்கேயே நின்று சொல்லட்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் அந்தக் கோயில் அடித்தளத்தை இன்னும் பார்த்ததில்லை என்பது என் வருத்தம்.

காட்டை விரும்பும் சிறு குழுவுக்குச் சீக் பக்கம் குபீர் படகுத்துறையிலிருந்து உலு மூடா உண்டு. யானை, இருவாச்சிக் காடு. தனியாகப் போகும் இடமல்ல, அனுமதியும் வழிகாட்டியும் தேவை.

இனி பாலைவனம். மலேசியாவில் அது கிடையாது, ஆகவே விமானச் செலவு நிச்சயம். துபாய் எளிது: பிற்பகலில் கார் வந்து ஏற்றிக்கொள்ளும், இரவு உணவோடு திரும்பலாம். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். மணல்மேட்டில் ஏறி இறங்கிக் குலுக்கும் காரில் கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் ஏறவே கூடாது. நேராக முகாமுக்குப் போகும் காரைக் கேட்கலாம். ராஜஸ்தானில் ஜெய்சல்மேருக்கு மேற்கே சாம் மணல்மேடுகள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒட்டகமும் திறந்த வானமும் அங்கே நிறைவு தரும். குளிர்கால இரவுக்குக் கம்பளி அவசியம். காசி யாத்திரையை ஒட்டி ரிஷிகேஷில் கங்கைப் படகையும் சேர்க்க நினைப்பவர்கள் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்க்க வேண்டும். மழைக்காலத்தில் சவாரியை நிறுத்திவிடுவார்கள்.

இவை எல்லாவற்றையும் விட நான் பரிந்துரைப்பது திருச்செந்தூருக்கு அருகிலுள்ள தேரி. நேர்த்திக்கடனுக்காகத் திருச்செந்தூர் போகும் கெடா குடும்பங்கள் ஏராளம். கடற்கரையில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சற்று நேரக் கார்ப் பயணத்தில், கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கும் தேரிக்குடியிருப்புப் பக்கம், செக்கச் சிவந்த மணல் மேடுமேடாகக் கிடக்கிறது. உண்மையில் அது பாலைவனம் அல்ல. ஆனால் பிள்ளைகள் மணலில் உருள்வதற்கு அதைவிட என்ன வேண்டும்? காலையிலோ மாலையிலோ போங்கள், நடுப்பகலில் மணல் காலைச் சுடும். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: கூட்டாளிகளோடு என்றால் செடிம், சிறுபிள்ளைகளோடு முதல் சவாரி என்றால் கோப்பேங், பாட்டியோடு என்றால் மெர்போக், மணல் வேண்டுமென்றால் அடுத்த திருச்செந்தூர்ப் பயணத்தில் தேரி. ஆற்றுக்குப் போவதானால் முதல் நாள் மாலை மழை நிலவரம் கேட்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.